எவ்வளவு சொல்லலாம், எப்போது சொல்லலாம்? நெருங்கிப் பழகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வருடக்கணக்கில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்திருப்பார்கள். ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரிந்தது பெயரும் பிறந்தநாளும் மட்டும்தான். இன்னொரு பக்கம், அறிமுகமான இரண்டாம் நாளே பழைய காதல், வீட்டுச் சண்டை, கடன் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, 'ஏன் இவர் இப்போது என்னைக் கண்டால் ஒதுங்கிப் போகிறார்?' என்று குழம்புகிறவர்கள். இரண்டு தரப்பும் 'என் சுபாவமே இப்படித்தான்' என்று சொல்லி முடித்துக்கொள்வதுண்டு. சுபாவத்துக்குக் கொஞ்சம் பங்கு இருக்கிறதுதான். ஆனால் பெரும்பாலான சிக்கல், சொல்கிற அளவிலும் நேரத்திலும் இருக்கிறது. அதைப் பழகிக்கொள்ள முடியும்.

நம்மைப் பற்றி நாமே இன்னொருவரிடம் சொல்வதை உளவியலில் தன்வெளிப்பாடு என்கிறார்கள். எதை, யாரிடம், எந்த வரிசையில் சொல்வது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். தொடங்கும் முன்பே ஒன்று: நெருக்கம் வளர்வதில் நாம் சொன்னதற்கு இருக்கும் பங்கைவிட, சொன்னதை எதிரில் இருப்பவர் எப்படி வாங்கிக்கொண்டார் என்பதற்குப் பங்கு அதிகம் என்பது என் எண்ணம். பேசத் தெரியாததால் நட்பு அமையவில்லை என்று வருந்துகிற பலருக்கு உண்மையில் கேட்கத்தான் வரவில்லை.

ஆழம் என்பது என்ன?

இர்வின் ஆல்ட்மன், டால்மஸ் டெய்லர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1973இல் 'சமூக ஊடுருவல்' என்ற கோட்பாட்டை முன்வைத்தார்கள். இரண்டு பேருக்கு இடையிலான பேச்சுக்கு அகலமும் உண்டு, ஆழமும் உண்டு. உறவு வளர வளர இரண்டும் கூடுகின்றன என்பது அதன் சாரம். வெங்காயத்தை உரிப்பதுபோல் மேல்தோலில் தொடங்கி உள்ளே போகிறோம் என்று இதை விளக்குவார்கள்.

நடைமுறையில் ஆழத்தை நான்கு படிகளாக வைத்துக்கொள்ளலாம். வேலையைப் பற்றிய பேச்சையே எடுத்துக்கொள்வோம். 'நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன்' என்பது தகவல். 'இந்த வேலை எனக்குச் சலித்துப்போச்சு' என்பது கருத்து. 'வேற வேலை தேடப் பயமா இருக்கு' என்பது உணர்வு. 'இத்தனை வருஷத்தை வீணாக்கிட்டேனோன்னு ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது' என்பது அடிமனசில் கிடப்பது. ஒரே விஷயம்தான், நான்கு ஆழம். நூறு விஷயங்களை முதல் படியிலேயே பேசிக்கொண்டிருக்கிற இரண்டு பேர் நன்றாகப் பழகுவார்கள், சிரிப்பார்கள், ஆனால் நெருங்க மாட்டார்கள்.

1. தாளில் ஆறு தலைப்பு எழுதுங்கள்

தன்வெளிப்பாட்டை அளந்து பார்க்க முதலில் முயன்றவர்களில் ஒருவர் சிட்னி ஜுரார்ட். 1958இல் லாசகோ என்பவருடன் சேர்ந்து 60 கூறுகள் கொண்ட ஒரு வினாநிரலை வெளியிட்டார். தலைப்புக்குப் பத்தாக ஆறு தலைப்புகள்: கருத்துகள், ரசனைகள், வேலை அல்லது படிப்பு, பணம், குணம், உடல். இவற்றில் எதை அம்மாவிடம் சொல்லியிருக்கிறீர்கள், எதை அப்பாவிடம், எதை நண்பரிடம், எதை வாழ்க்கைத்துணையிடம் என்று கேட்டார்கள். முதல் மூன்றைப் பற்றி மக்கள் தாராளமாகப் பேசியிருந்தார்கள். பணம், குணம், உடல் என்று வந்ததும் வாய் சுருங்கியது.

அந்த ஆறு தலைப்பையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டம்: யாரிடமும் சொல்லலாம், பழகியவரிடம் சொல்லலாம், ஒருவர் அல்லது இருவரிடம் மட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வரி. இதைச் செய்யும்போதே சில விஷயங்கள் பிடிபடும். சிலருக்கு நடுக்கட்டம் காலியாக இருக்கும். எல்லாம் ஊர் அறிந்தது, இல்லையென்றால் பரம ரகசியம். நெருங்கிப் பழகச் சிரமப்படுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இந்த நடுக்கட்டம்தான் வறண்டு கிடக்கும். முதல் வேலை அதை நிரப்புவது. பரம ரகசியத்தை யாரிடமும் உடைக்க வேண்டிய அவசியம் இப்போதைக்கு இல்லை.

2. ஆளையும் நேரத்தையும் பாருங்கள்

ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு சோதனை போதும்: அடுத்தவர் ரகசியத்தை உங்களிடம் சொல்கிறாரா என்று பாருங்கள். 'உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன், அவன் வீட்டுல என்ன நடக்குதுன்னா' என்று தொடங்குகிறவர் நாளை உங்கள் கதையையும் அதே முன்னுரையோடு இன்னொருவரிடம் சொல்வார்.

நேரம் என்பது வெறும் பொறுமை மட்டும் அல்ல, மணிக்கணக்கும்தான். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமானவர் சாதாரண நண்பராவதற்கு ஏறக்குறைய 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்திருக்க வேண்டியிருக்கிறது என்று கணக்கிட்டார். எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். இரண்டு காபி இடைவேளையில் உயிர்த்தோழன் கிடைக்கவில்லையே என்று நொந்துகொள்ளாமல் இருந்தால் சரி.

இடத்தைப் பொறுத்தவரை, எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேசுவதைவிடச் சேர்ந்து நடக்கும்போது, பயணத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, ஏதாவது கைவேலை செய்யும்போது பேச்சு இளகி வரும் என்பது என் அனுபவம். மற்றவர் கைப்பேசியில் கண் வைத்திருக்கும்போது முக்கியமானதைச் சொல்லாதீர்கள். 'உம்' என்று ஒரு சத்தம்தான் பதிலாக வரும். அது உங்களை அலட்சியப்படுத்தியதாகவே மனசில் பதிந்துவிடும்.

3. ஒரு படி மட்டும் கீழே இறங்குங்கள்

உங்கள் இருவருக்கும் இடையே பேச்சு இப்போது எந்தப் படியில் இருக்கிறதோ, அதற்கு ஒரு படி கீழே. மூன்று படி தாண்டிக் குதிக்க வேண்டாம்.

உடன் வேலை செய்பவர் கேட்கிறார்: "நேத்து மீட்டிங் எப்படிப் போச்சு?" வழக்கமான பதில், "ம், போச்சு." அதற்குப் பதிலாக: "நல்லாத்தான் போச்சு. ஆனா எல்லார் முன்னாடியும் பேசணும்னா இன்னும் எனக்குக் கை நடுங்குதுங்க. நேத்தும் பேப்பரை மேசை மேலேயே வெச்சுக்கிட்டேன்." இவ்வளவுதான். பெரிய ரகசியம் எதுவும் வெளியே போகவில்லை. ஆனால் உங்களைப் பற்றி உண்மையான ஒன்று அவர் கைக்குப் போயிருக்கிறது. அந்தப் பேப்பரும் மேசையும் முக்கியம். 'எனக்குப் பதற்றம் வரும்' என்று பொதுவாகச் சொல்வதைவிட, நடந்த ஒரு சின்ன விவரம் மற்றவரை உடனே உள்ளே இழுத்துவிடும்.

இப்படிப் பேசினால் சங்கடமாகப் போய்விடுமோ என்ற தயக்கம் எல்லாருக்கும் உண்டு. மைக்கேல் கர்தாஸ், அமித் குமார், நிக்கலஸ் எப்லி ஆகியோர் 2021இல் வெளியிட்ட ஆய்வுகளில், முன்பின் தெரியாதவர்களை ஆழமான கேள்விகளைப் பற்றிப் பேசவைத்தார்கள். பேசும் முன் எதிர்பார்த்த அளவுக்குச் சங்கடம் இல்லை என்றே பேசியவர்கள் சொன்னார்கள். மற்றவருக்கு நம் கதையில் அக்கறை இருக்காது என்று நாம் குறைத்துக் கணிப்பதுதான் அந்தத் தயக்கத்துக்கு ஒரு காரணம்.

4. நிறுத்துங்கள், அவர் முறைக்கு இடம் விடுங்கள்

சொன்னதும் நிறுத்த வேண்டும். இது கேட்பதற்கு எளிது. மௌனம் பொறுக்காமல் விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவோம். ஒரு மூச்சு விட்டுப் பொறுங்கள். பெரும்பாலும் அவர் தன் பங்குக்கு ஏறக்குறைய அதே ஆழத்தில் ஒன்றைச் சொல்வார்: "உங்களுக்குமா? நான் முந்தின நாளே ரெண்டு தடவை கண்ணாடி முன்னாடி பேசிப் பார்ப்பேன்." ஒருவர் திறந்தால் மற்றவரும் திறப்பார் என்பதை ஜுரார்டின் காலத்திலிருந்தே பலர் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அதற்கு ஒரு வரம்பும் உண்டு. 1975இல் ஸிக் ரூபின் வெளியிட்ட ஆய்வு, போஸ்டன் விமான நிலையத்தில் காத்திருந்த பயணிகளிடம் செய்யப்பட்டது. கையெழுத்து மாதிரி வேண்டும் என்று சொல்லி, ஆய்வாளர் முதலில் தன்னைப் பற்றி ஒரு வரி எழுதிக் காட்டுவார். பிறகு பயணி தன்னைப் பற்றி எழுத வேண்டும். ஆய்வாளரின் வரி அந்தரங்கமாக ஆக ஆகப் பயணியின் வரியும் அந்தரங்கமானது. ஆனால் மிக அந்தரங்கமான ஒன்றை ஆய்வாளர் தங்களுக்கென்றே எழுதுகிறார் என்று தோன்றியபோது பயணிகள் பின்வாங்கினார்கள். 'இவர் ஏன் என்னிடம் இதைச் சொல்கிறார்?' என்ற கேள்வி எழுந்துவிட்டால் கதவு சாத்திக்கொள்ளும்.

முறை மாறி மாறி வருவதும் முக்கியம். சூசன் ஸ்ப்ரெச்சரும் உடன் ஆய்ந்தவர்களும் 2013இல் வெளியிட்ட சோதனையில், அறிமுகமில்லாத இருவரில் சில ஜோடிகள் மாறி மாறிக் கேட்டுச் சொன்னார்கள். சில ஜோடிகளில் முதலில் ஒருவர் மட்டும் சொல்ல, மற்றவர் கேட்டுவிட்டுப் பிறகு இடம் மாறினார்கள். மாறி மாறிப் பேசியவர்களுக்குத்தான் ஒருவரை ஒருவர் கூடுதலாகப் பிடித்தது. இரண்டாவது வகையில் இடம் மாறி எல்லாரும் சொல்லி முடித்த பிறகும் அந்த வித்தியாசம் போகவில்லை. ஆகவே 'இன்னிக்கு நான் பேசறேன், நாளைக்கு நீ பேசு' என்பது புதிய உறவில் எடுபடாது. பழைய நட்பில் அந்தக் கணக்கு தேவையில்லை. ஒரு மாதம் ஒருவர் அழுதுகொண்டே இருக்கலாம், மற்றவர் முறை எப்போதாவது வரும்.

இணையத்தில் '36 கேள்விகள் கேட்டால் காதல் வந்துவிடும்' என்று ஒன்று சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் மூலம் ஆர்தர் ஏரனும் மற்றவர்களும் 1997இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. 12 கேள்விகள் வீதம் மூன்று தொகுப்பு, போகப் போக ஆழம் கூடும், இருவரும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும், மொத்தம் 45 நிமிடம். முடிவில் சும்மா அரட்டையடித்த ஜோடிகளைவிட இவர்கள் நெருக்கமாக உணர்ந்தார்கள். காதல் வரவழைப்பது அவர்கள் நோக்கம் அல்ல. இப்படி வரும் நெருக்கத்தில் விசுவாசமும் பற்றுறுதியும் கூடவே வந்துவிடாது என்று அவர்களே எச்சரித்திருக்கிறார்கள். அந்தக் கேள்விகளை மனப்பாடம் செய்வதைவிட, மெல்ல ஆழம் கூட்டுவதையும் மாறி மாறிப் பேசுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

5. வாங்கிக்கொள்ளத் தெரிய வேண்டும்

இனி மறுபக்கம். உங்களிடம் ஒருவர் சொல்கிறார்: "வேலையை விட்டதை இன்னும் அப்பாகிட்ட சொல்லலடா. தினம் காலைல கிளம்பி வெளியே வந்துடறேன்."

நண்பர்கள் பொதுவாகச் சொல்லும் பதில்கள் இவை. "உடனே சொல்லிடு, அப்புறம் பெரிய பிரச்சினை ஆயிடும்." "இதெல்லாம் ஒண்ணுமே இல்லடா, நான் பட்ட பாடு தெரியுமா?" "சரி சரி, எல்லாம் நல்லதுக்குத்தான்." மூன்றுமே நல்ல மனசோடுதான் வருகின்றன. ஆனால் மூன்றும் பேச்சை அங்கேயே முடித்துவிடுகின்றன. முதலாவது அவரைத் தப்புச் செய்தவர் ஆக்குகிறது. இரண்டாவது கதையை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்கிறது. மூன்றாவது, இதைப் பற்றி மேலே பேசாதே என்பதற்கு மரியாதையான வடிவம்.

இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "தினமும் கிளம்பி எங்கடா போற?"

இது அறிவுரையும் இல்லை, ஆறுதலும் இல்லை. ஆனால் அவர் சொன்னதில் இருந்த மிகத் தனிமையான இடத்தை இந்தக் கேள்வி தொட்டுவிட்டது. அதற்கு வரும் பதிலில்தான் உண்மையான பேச்சு தொடங்கும். ஹார்வர்டில் கேரன் ஹுவாங்கும் மற்றவர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்விலும், கேள்வி கேட்கிறவர்களை மற்றவர்களுக்குக் கூடுதலாகப் பிடித்தது. குறிப்பாக, சொன்னதைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்தே எழும் கேள்விக்குத்தான் பலன் தெரிந்தது.

நெருக்கம் என்பது சொல்வதும் பதிலும் சேர்ந்து உண்டாவது என்று ஹாரி ரீஸ், பிலிப் ஷேவர் இருவரும் 1988இல் எழுதினார்கள். சொன்னவருக்கு மூன்று உணர்வு வர வேண்டும்: என்னைப் புரிந்துகொண்டார், என்னை மதிக்கிறார், என்மேல் அக்கறை இருக்கிறது. பத்து வருஷம் கழித்து, தினசரி உரையாடல்களைக் குறித்துவைக்கச் சொல்லிச் செய்த ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. அதில், தகவலைச் சொன்னதைவிட உணர்வைச் சொன்னது நெருக்கத்தோடு அதிகம் தொடர்பு கொண்டிருந்தது. எதிரில் இருந்தவர் அக்கறையாகப் பதில் தந்ததாகத் தோன்றியதும் நெருக்கத்தைக் கூட்டியது.

இதில் பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: நல்ல செய்தி. துக்கம் என்றால் ஓடி வருகிற நண்பர், 'எனக்கு அந்த வேலை கிடைச்சிடுச்சு' என்றதும், "ஓ, சூப்பர். ஆனா ரொம்ப தூரமாச்சே?" என்பார். ஷெல்லி கேபிளும் மற்றவர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வுகளில், நல்ல செய்தியைச் சொல்லும்போது துணை உற்சாகமாக விசாரிக்கிற ஜோடிகளில் உறவின் திருப்தி கூடுதலாக இருந்தது. பட்டும் படாமலும் 'நல்லது' என்பதும், உடனே குறை கண்டுபிடிப்பதும் அப்படித் திருப்தியோடு சேர்ந்து வரவில்லை. சந்தோஷத்தைச் சொல்வதும் தன்வெளிப்பாடுதான். சில சமயம் துக்கத்தைச் சொல்வதைவிட அதற்குத்தான் துணிச்சல் வேண்டியிருக்கிறது; பெருமையடிக்கிறான் என்று நினைத்துவிடுவார்களோ என்று.

இன்னொரு விஷயம். கேட்ட பிறகு நினைவில் வையுங்கள். ஒரு வாரம் கழித்து, "அப்பாகிட்ட பேசினியா?" என்று கேட்காவிட்டாலும் பரவாயில்லை, "எப்படிடா இருக்க?" என்பதைக் கொஞ்சம் நிறுத்திக் கேட்டால்கூட அவருக்குப் புரியும்.

மனம் திறக்காதவரை நெம்ப வேண்டாம். 'ஆம்பிளைங்கன்னா பேச மாட்டாங்க' என்று ஒரே போடாகப் போடுவதிலும் அர்த்தமில்லை. கேத்ரின் டிண்டியாவும் மைக் ஆலனும் 205 ஆய்வுகளைத் தொகுத்து 1992இல் வெளியிட்டதில், பெண்கள் சற்றுக் கூடுதலாக வெளிப்படுத்துகிறார்கள் என்று தெரிந்தது. ஆனால் அந்த வித்தியாசம் சின்னதுதான்.

6. கனமானதைச் சொல்லும்போது

ஒரு நாள், தாளின் மூன்றாம் கட்டத்தில் எழுதிய ஒன்றை யாரிடமாவது சொல்லலாம் என்று தோன்றும். மைக்கேல் ஸ்லெபியன் ரகசியங்களைப் பற்றிச் செய்த ஆய்வுகளில் ஒன்று தெளிவாக வந்தது: பேச்சில் மறைக்க வேண்டியிருக்கிற தருணங்களைவிட, தனியாக இருக்கும்போது அதையே திரும்பத் திரும்ப நினைப்பதுதான் மனசை அதிகம் அரிக்கிறது. ஒரே ஒருவரிடம் சொன்னாலும் பாரம் குறைவது அதனால்தான்.

சொல்லும் முன் மூன்று வாக்கியம் போதும். "ஒரு விஷயம் சொல்லணும், இப்ப முடியுமா?" "இது நம்ம ரெண்டு பேருக்குள்ளேயே இருக்கட்டும்." "நீ ஒண்ணும் பண்ண வேண்டாம், கேட்டா போதும்." மூன்றாவதைப் பலர் விட்டுவிடுவார்கள், அப்புறம் கேட்பவர் தீர்வு சொல்லத் தொடங்குவார், இவர் எரிச்சலடைவார். யாரிடமும் சொல்லாதே என்பதைச் சொல்லி முடித்த பிறகு கேட்பதைவிட முன்னால் கேட்பதே நியாயம். கேட்பவருக்கும் 'வேண்டாம்' என்று சொல்ல வாய்ப்பு வேண்டும் அல்லவா?

வன்முறை, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் போன்றவை நண்பர் ஒருவரால் மட்டும் தாங்கக்கூடியவை அல்ல. நண்பரிடம் சொல்லுங்கள், கூடவே பயிற்சி பெற்ற ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ போங்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

7. நெருக்கம்போல் தோன்றும் சில

அடுத்தவர் ரகசியத்தைச் சொல்லி நெருங்குவது மிகச் சுலபம்; இருவரும் குசுகுசுவென்று பேசும்போது நெருங்கிவிட்டதாகவே தோன்றும். ஆனால் உங்களைப் பற்றி ஒரு வரிகூட வெளியே வந்திருக்காது. சாண்ட்ரா பெட்ரோனியோ என்ற தொடர்பியல் அறிஞர், ஒருவரிடம் நம் விஷயத்தைச் சொன்னதும் அவரும் அதற்குப் பங்காளி ஆகிவிடுகிறார் என்கிறார். பங்காளி தன் பங்கை விற்கலாமா என்பதை இருவரும் பேசி வைத்திருக்க வேண்டும். உங்கள் கதையில் துணை, அண்ணன், அம்மா என்று வேறு ஆட்கள் வரும்போதும் அப்படித்தான். உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள், அவர்களுக்கு நேர்ந்ததை அவர்கள் சொல்லட்டும்.

நள்ளிரவு சாட்டிங் இன்னொன்று. முகம் தெரியாதபோது கை தாராளமாக எழுதிவிடும். எதிரில் இருப்பவரை நாமே நல்லவராகக் கற்பனை செய்து நிரப்பிக்கொள்வோம். நேரில் பார்க்கும்போது இருவருக்கும் கூச்சம் வரும். எழுதியது எதுவும் ஸ்க்ரீன்ஷாட் ஆகலாம் என்பதும் நினைவிருக்கட்டும். மேலதிகாரியிடம் பேசும்போது நடுக்கட்டத்தோடு நின்றுகொள்ளுங்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் உங்கள் சம்பள உயர்வைப் பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

தினமும் ஒரே புண்ணைக் கிளறிக்கொண்டிருப்பதிலும் கவனம் வேண்டும். அமண்டா ரோஸ் 2002இல் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், பிரச்சினைகளையே திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருந்த நண்பர்களிடம் நெருக்கமும் அதிகம் இருந்தது, சோர்வும் பதற்றமும்கூட அதிகம் இருந்தன. ஒரே விஷயத்தை மூன்றாம் முறை பேசும்போது, புதிதாக எதுவும் வரவில்லை என்றால் எழுந்து வெளியே நடந்துவிட்டு வாருங்கள்.

8. அதிகமாகச் சொல்லிவிட்டால்

நடக்கும். மறுநாள் காலையில் 'ஏன்தான் வாயைத் திறந்தேனோ' என்று இருக்கும். அப்போது இரண்டு காரியம் செய்யாதீர்கள்: நீளமாக மன்னிப்புக் கேட்டு செய்தி அனுப்ப வேண்டாம், அவரைப் பார்க்காமல் ஒளியவும் வேண்டாம். இரண்டுமே சின்ன விஷயத்தைப் பெரிதாக்கும். "நேத்து கொஞ்சம் அதிகமாவே பேசிட்டேன்போல. கேட்டதுக்கு நன்றி" என்று ஒரு வரி. அப்புறம் வழக்கமான பேச்சு. அடுத்த சில சந்திப்புகளில் அவர் பேச இடம் விடுங்கள்.

இன்னொன்றையும் மனசில் வையுங்கள். காலின்ஸ், மில்லர் இருவரும் 1994இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் மூன்று விஷயங்கள் தெரியவந்தன: தன்னைப் பற்றிச் சொல்கிறவரை மற்றவர்களுக்குப் பிடிக்கிறது, பிடித்தவரிடம் மக்கள் கூடுதலாகச் சொல்கிறார்கள், யாரிடம் சொன்னோமோ அவரை, சொன்னதாலேயே நமக்குப் பிடித்துப்போகிறது. மூன்றாவது கொஞ்சம் ஏமாற்றும். கொட்டித் தீர்த்த இரவில் அவர்மேல் உங்களுக்குப் பொங்கிய பாசம் அவருக்கும் அதே அளவு இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் தன்னைப் பற்றி எவ்வளவு சொன்னார் என்று பாருங்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றால், அடுத்த முறை நீங்களும் ஒரு படி மேலே ஏறி நின்று பேசலாம்.

9. பழைய உறவுகளில்

திருமணமாகிப் பல வருஷம் ஆனவர்களும் சின்ன வயசு நண்பர்களும் இதெல்லாம் நமக்கு இல்லை என்று நினைப்பார்கள். ஆனால் அங்கேதான் பேச்சு மெல்ல முதல் படிக்கு ஏறிவிடுகிறது: கட்டணம் கட்டியாச்சா, பிள்ளையை யார் கூட்டிவருவது, நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும். ஒருவரை ஒருவர் முழுசாகத் தெரியும் என்ற நம்பிக்கையே கேள்வியைக் கொன்றுவிடும். பத்து வருஷத்துக்கு முன் தெரிந்துகொண்ட விருப்பமும் பயமும் இன்றைக்கும் அப்படியே இருக்கும் என்று என்ன நிச்சயம்?

முதலில் சொன்ன அந்த ஆறு தலைப்புத் தாளை இருவரும் தனித்தனியாக எழுதுங்கள். பிறகு மற்றவருக்காக அவருடைய தாளை நீங்கள் ஊகித்து எழுதுங்கள். அவரும் உங்களுடையதை எழுதட்டும். எந்த வரியில் ஊகம் தப்பியதோ அதைப் பற்றி அன்றைக்குப் பேசினால் போதும். பணம் என்ற தலைப்பில் தப்பினால், அதை இரவு தூங்கப் போகும் நேரத்தில் தொடங்காதீர்கள்.